நிர்மலா போட்ட கூரை

புது வீடு என்றாலே நிர்மலாவுக்குக் குமட்டும். ஊரில் யாராவது மஞ்சள் தடவிய கிரகப்பிரவேசப் பத்திரிகையை நீட்டினால் வாங்கி வைத்துக்கொள்வாள். முறை விட்டுப்போகக் கூடாதே என்று போகவும் செய்வாள். போன இடத்தில் மற்றப் பெண்கள் தரையைத் தடவிப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்க, இவள் மட்டும் சுவரையே முறைத்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சுவருக்குள் என்னென்ன கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். காலி குவார்ட்டர் பாட்டில், மென்று துப்பிய புகையிலை, ஊசிப்போன சாம்பார்ப் பொட்டலம், யாரோ கால் துடைத்த துணி. எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, மேலே ஒரு கரண்டி கலவையை அடித்து, பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, வாசலில் மாவிலை கட்டிவிடுவார்கள். பிறகு ஐயர் வந்து ஹோமம் வளர்ப்பார். உள்ளே தள்ளியவர்களில் நிர்மலாவும் ஒருத்தி.

காரிமங்கலத்துக்குக் கிழக்கே நாலு மைல் உள்ளே தள்ளியது அவள் ஊர். இருபத்து மூன்று வருஷம் சித்தாள் வேலை பார்த்தாள். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து ஓசூர், அங்கே வேலை இல்லையென்றால் பெங்களூர், சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வருவது. ஊர்ப் பெண்கள் பதினைந்து பேர் ஒரே செட்டாகப் போவார்கள். தகரக் கொட்டகையில் படுக்கை. கட்டி முடிக்கும் மாடிக்கு மாடி இரண்டு கக்கூஸ் இருக்கும். அந்தக் கக்கூஸுக்கு வேண்டிய டைல்ஸ் பெட்டிகளைத் தலையில் சுமந்து ஏற்றியவள் இவள்தான். டைல்ஸ் ஒட்டிய மறுநாளே அதற்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். இவர்கள் இருட்டுவதற்காகக் காத்திருந்து மணல் குவியலுக்குப் பின்னால் போவார்கள். வீடு கட்டுகிறவர்களின் சுத்தம் எவ்வளவு என்று அவள் அங்கேதான் கற்றுக்கொண்டாள்.

இன்னொன்றும் அங்கே கற்றுக்கொண்டாள். கூரைக்குக் காங்கிரீட் கலக்கும்போது தண்ணீர் அளவாக இருந்தால் கலவை கெட்டியாக வரும். கெட்டிக் கலவையைச் சட்டியில் கோபுரமாகக் குவிக்கலாம். குவித்ததைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணி ஏறினால் சாயங்காலம் கழுத்து திரும்பாது. சட்டியைக் குறைத்துத் தூக்கலாம் என்றால் மேஸ்திரி விடமாட்டான். அரைச் சட்டி தூக்குகிறவள் நாளைக்கு வர வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வான். ஆனால் கலவையில் ஒரு குடம் தண்ணீரைக் கூடுதலாக விட்டுவிட்டால் போதும், அது குழம்பு மாதிரி ஆகிவிடும். விளிம்புக்கு மேல் நிற்காது, வழியும். நிறைந்த சட்டியாகவும் தெரியும், கனமும் குறையும். பரப்புகிறவனுக்கும் சுளுவு. பெங்களூரில் அவள் முதன்முதலில் புரிந்துகொண்ட கன்னடமே ‘ஸ்வல்ப நீரு ஹாக்கு’ என்பதுதான். கொஞ்சம் தண்ணி ஊத்து என்று மேஸ்திரியே சொல்வான். அவன் சொல்லாவிட்டாலும், யாராவது ஒருத்திக்கு முடியவில்லை என்று தெரிந்தால், மிக்ஸர் பக்கத்தில் நிற்பவள் ஊற்றிவிடுவாள். கேட்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். அப்படிப் போட்ட கூரை இரண்டு மூன்று மழையில் வெடிப்பு விட்டுச் சொட்டும். சொட்டும்போது இவர்கள் வேறு ஊரில், வேறு வீட்டுக்குச் சட்டி தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை கூரை போட்டவளின் சொந்த வீடு சிமெண்ட் சீட்டு வேய்ந்தது. ஆணி அடித்த ஓட்டை ஒவ்வொன்றிலும் மழை உள்ளே வரும். ஐப்பசி பிறந்தால் குண்டான், போசி, பெயிண்ட் வாளி என்று இருக்கிற பாத்திரமெல்லாம் தரையில் இறங்கிவிடும். மகள் சோபனா அந்தப் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் பன்னிரண்டாவது வரை படித்தாள். அவளைத் தருமபுரி டவுனில் கட்டிக்கொடுத்த மறு தை மாதம், நிர்மலாவும் அவள் புருஷன் குப்புராஜும் சீட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஹாலும் இரண்டு அறைகளுமாக வாடகை மிக்ஸர் வைத்துக் கட்டிவிடலாம் என்று அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டினார்கள். பங்குனியில் சோபனா முழுகாமல் இருக்கும் சேதி வந்தது. சந்தோஷமாகப் பழத்தட்டோடு போன இடத்தில் சம்பந்தியம்மா காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

“தலப்பிரசவம் அம்மா வூட்டுலதான், இல்லைங்கல. ஆனா அந்தச் சொட்டுற வூட்டுல பச்சப் புள்ளய எப்பிடிங்க போட முடியும்? கார்த்திக மாசம் நல்ல மழையா இருக்கும். வேண்டாங்க, நாங்களே பாத்துக்கறோம்.”

நிர்மலா காப்பியை அப்படியே கீழே வைத்தாள். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர முடியாதவள் என்று ஊர் சொல்லும் சொல் ஒரு பக்கம் இருக்கட்டும். சம்பந்தியம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் சுட்டது. ஒன்பதாம் மாதம் நானே வந்து அழைச்சிக்கிறேன், அதுக்குள்ள கூரை போட்டுருவேன், ஒரு சொட்டு இறங்காது என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும், உள் அறைக் கூரை சொட்டக் கூடாது, சோபனாவும் பிள்ளையும் அதன் கீழேதான் படுக்கப்போகிறார்கள் என்று அன்றைக்கே மனதில் முடிந்துகொண்டாள்.

வீடு கட்டுகிறவளுக்கு என்னென்ன வந்து சேரும் என்று அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் இறங்கினாள். தெரிந்தும் ஒன்றையும் தடுக்க முடியவில்லை. முதலில் வந்தவர்கள் யோசனை சொல்கிறவர்கள். பால் ஊற்ற வந்தவன் வாசற்படி தப்பு என்றான். குப்புராஜின் தம்பி போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாணத்துக்குள் இறங்கிச் சுற்றி வந்து, சமையல்கட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றச் சொன்னான். அவனே ஒரு வாரம் கழித்து வேறு யாரையோ கேட்டுக்கொண்டு வந்து, பழைய மூலையே சரி என்றான். குப்புராஜ் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர்; ரோட்டில் யாரோடும் தகராறு வைத்துக்கொள்ளாத மனுஷர். யார் எது சொன்னாலும் “அதுவுஞ் சரிதாங்க” என்பார். நிர்மலாவுக்கு அந்தச் சரிதானைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அடுத்தது மேஸ்திரி மாதையன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரிலிருந்து அவளுடைய செட்டோடு வேலைக்கு வந்தவன். மணல் சலிக்கக்கூடத் தெரியாமல் நின்றவனுக்குச் சல்லடை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். இன்றைக்கு அவனிடம் புல்லட்டும் இரண்டு போனும் ஒரே நேரத்தில் ஆறு இடத்தில் வேலையும் இருந்தன. அஸ்திவாரம் எழும்பும் வரை அக்கா அக்கா என்று குழைந்தான். எழும்பியதும் காணாமல் போனான். போன் போட்டால் “நாளைக்குக் காத்தால வந்தர்றேங்க்கா” என்பான். அப்படிப் பத்தொன்பது நாளைக்குக் காலை போனது. அவன் எங்கே போயிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு வீட்டுக்காரி அழுதிருப்பாள், அங்கே போய் இரண்டு வரிசை கல் வைத்துக் காட்டியிருப்பான். அவள் செட்டில் இருந்தபோது இவர்களையும் அப்படித்தான் இங்குமங்கும் ஏற்றி இறக்குவார்கள். லாரியில் உட்கார்ந்து, ஏமாந்த வீட்டுக்காரர்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

வேலை மறுபடி தொடங்கியதும் நிர்மலா சைட்டிலேயே குடியிருந்தாள். செங்கல்லைத் தட்டிப் பார்த்துச் சத்தம் சரியில்லாததை வெளியே எறிந்தாள். தூசியாக வந்த ஒரு லோடு எம்-சாண்ட் மணலை இறக்கவிடாமல் திருப்பி அனுப்பினாள். ஜன்னலுக்கு மேல் கல் கட்டும்போது ஒரு பாட்டில் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, கடப்பாரையை வாங்கி இரண்டு வரிசையைப் பெயர்த்தெடுத்து அந்தப் பாட்டிலைக் கொத்தனாரின் டிபன் பை மேல் கொண்டுபோய் வைத்தாள். இன்ஜினியரம்மா என்று அவளுக்குப் பேர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். ஒரு நாள் காலை சமையல்கட்டு மூலையில் மூக்கைப் பொத்தும்படி மூத்திர நாற்றம் அடித்தது. அடுப்பு வரப்போகிற இடம். அவள் போட்ட கூச்சலில் கல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். மாதையன் மட்டும் சிரித்தான். “நாமளும் அப்பிடித்தானங்க்கா இருந்தோம்” என்றான். அவளுக்கு அவன் பல்லைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மூன்று குடம் தண்ணீரும் பினாயிலும் ஊற்றித் தானே கழுவிவிட்டாள்.

ஆடி பிறப்பதற்கு முன் கூரை போட்டாக வேண்டும். ஆனி கடைசி முகூர்த்தத்தில் நாள் குறித்தார்கள். கூரை போடுகிற நாள் என்றால் வீட்டுக்காரர்கள் செய்யவேண்டிய முறை உண்டு. மிக்ஸருக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, மேஸ்திரிக்குத் துண்டு போர்த்தி, முதல் சட்டியை வீட்டுக்காரி தூக்கிக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் எல்லாருக்கும் ஆட்டுக்கறியோடு சோறு. நிர்மலா முதல் சட்டியைத் தூக்கியபோது செட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். பதினாலு பேர் வந்திருந்தார்கள், பாதிப்பேர் அவளோடு வருஷக்கணக்கில் தகரக் கொட்டகையில் படுத்தவர்கள்.

அதில் ஒருத்தி சின்னக்கா. பேர்தான் சின்னக்கா, செட்டிலேயே மூத்தவள், ஐம்பத்தைந்து தாண்டியாகிவிட்டது. நிர்மலா முதன்முதலில் பெங்களூர் போனபோது காய்ச்சலில் விழுந்துகிடந்த நாலு நாளும் அவளுடைய சட்டியையும் சேர்த்துத் தூக்கியவள். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. உன் வூட்டுக் கூரைக்கு நான் வராம யார் வருவா என்று கேட்டுக்கொண்டு, சும்மாட்டுத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

நிர்மலா ஒரு பெயிண்ட் வாளியில் ஆணியால் கோடு கிழித்து வைத்திருந்தாள். ஒரு மூட்டை சிமெண்டுக்கு இந்தக் கோடு வரை தண்ணீர், ஒரு டம்ளர் கூடுதலாகப் போகக் கூடாது. வேறு யாரையும் நம்பாமல் மிக்ஸர் பக்கத்தில் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, தானே உட்கார்ந்து ஊற்றினாள். இன்ஜினியரம்மா ரேஷன் கடை வெச்சிருக்குது என்று மேலேயிருந்து கேலி வந்தது. அவள் வாளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஹால் முடிந்தது. முன் அறை முடிந்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. உள் அறை ஒன்றுதான் பாக்கி. கறி வெந்து மணக்க ஆரம்பித்ததும் எல்லாருக்கும் கை பறந்தது.

சின்னக்கா ஏணியில் மூன்றாவது படியில் நின்று சட்டியை வாங்கி மேலே கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சட்டிக்கும் அவள் கழுத்து ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டது. வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கீழே குனிந்தபோது நிர்மலாவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். நிர்மலா கோடு வரை ஊற்றினாள். பிறகு வாளியை மறுபடி தண்ணீர்த் தொட்டியில் முக்கி இன்னொரு பாதி ஊற்றினாள். கலவை தளதளவென்று வந்தது. அடுத்த கலவைக்கும் அதற்கடுத்ததற்கும் அப்படியே. சின்னக்கா வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரித்தாள். ஒரு மணி நேரத்தில் உள் அறையும் முடிந்தது. கை கால் கழுவிக்கொண்டு எல்லாரும் கறிச்சோறு தின்றார்கள். சின்னக்காவின் இலையில் நிர்மலா இரண்டு எலும்பு அதிகமாக வைத்தாள்.

அவள் கள்ளத்தனமாக ஊற்றவில்லை, மறைக்கவும் நினைக்கவில்லை. அதுதான் கேவலம். செய்தது ஒரு காரியமாகவே அவள் மனதில் பதியவில்லை. வியர்வையைத் துடைப்பது போல, விலகிய முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வது போல, கை அதன் பாட்டுக்குச் செய்துவிட்டது.

கூரை மேல் களிமண்ணால் வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தி, மூன்று வாரம் காலையும் மாலையும் அவளே ஏறி ஊற்றினாள். ஆடிப் பதினெட்டு கழிந்து முட்டுகளையும் பலகைகளையும் பிரித்தார்கள். மேலே தண்ணீர் நின்றபடியே இருந்தது. மறுநாள் காலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அறை அறையாக நடந்தாள். ஹால் காய்ந்து வெளுத்திருந்தது. முன் அறையும் அப்படியே. உள் அறையில் கால் வைத்ததும் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. மேலே பாய் அகலத்துக்கு ஈரம். நடுவே தலைமுடி போல வளைந்து வளைந்து ஒரு வெடிப்பு, அதன் வழியே தண்ணீர் துளித்துத் துளித்து இறங்கிக்கொண்டிருந்தது.

மாதையன் வந்து சேர்வதற்குள் அரை ஊர் கூடிவிட்டது. நிர்மலா அவனைப் பேசாத பேச்சில்லை. சிமெண்டைத் திருடித் தின்றவனே என்றாள். நீ கட்டுறது வூடு இல்லடா, நரகல் என்றாள். என் பொண்ணு புள்ளைய இந்தச் சொட்டுக்குக் கீழயா போடச் சொல்றே என்று கேட்டு, காறி அவன் காலடியில் துப்பினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குப்புராஜ் சரிதாங்க என்று சொல்லாமல், மீதிக் கூலி ஒரு பைசா கிடையாது, உன் செலவுலயே கூரையை ஒடச்சுப் போட்டுக் குடுக்கணும் என்று கை நீட்டிப் பேசினார். குப்புராஜின் தம்பி, மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்து, சிமெண்டில் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னான். இந்த ஊரில் அதற்கு மேல் ஒரு கோர்ட்டு கிடையாது.

அவள் திட்டியதற்கும் துப்பியதற்கும் மாதையன் கோபப்படவில்லை. சத்தியம் என்றதும் தலையை ஆட்டினான்.

“பண்றேங்க. எத்தன மூட்ட, எத்தன ஜல்லின்னு அம்மன் முன்னால கற்பூரம் அடிச்சுச் சொல்றேன்.” பிறகு நிர்மலாவைப் பார்த்தான். “உள் ரூமுக்குப் போட்டப்ப மிக்ஸர்கிட்ட நீங்கதானங்க்கா ஒக்காந்திருந்தீங்க.”

அவ்வளவுதான் சொன்னான். மேலே நின்று கலவையைப் பரப்பியவன் அவன். கலவை எந்த நேரத்திலிருந்து தண்ணீராக வந்தது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. செட்டில் ஒருத்தர் ஊற்றியதை இன்னொருத்தர் காட்டிக்கொடுப்பதில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

நிர்மலாவுக்கு அப்போதுதான் வாளி ஞாபகம் வந்தது. கோடு, கோட்டுக்கு மேல் இன்னொரு பாதி, தளதளவென்று விழுந்த கலவை, எல்லாம் வரிசையாக வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் சின்னக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் கலங்கி, எதையோ சொல்வதற்காக ஒரு அடி முன்னால் வைத்தாள். நிர்மலா அவளைக் கையமர்த்தினாள். இத்தனை மாதமாக இந்தச் சைட்டில் ஒவ்வொருத்தன் கையையும் பார்த்துப் பார்த்து அருவருத்தவள், தன் கையை மட்டும் பார்க்கவே இல்லை.

“சத்தியமெல்லாம் வேண்டாம்,” என்றாள். “நாந்தான் தண்ணி ஊத்துனேன். உள் ரூமுக்கு அளவுக்கு மேல நாந்தான் ஊத்துனேன். அவம்மேல தப்பில்ல.”

ஏன் ஊற்றினாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவள் தவித்துக்கொண்டு நின்றாள். யாரும் கேட்கவில்லை. இப்போது எல்லாரும் சேர்ந்து தன் முகத்தில் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தாள், துப்பியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்குப் பதிலாகக் கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. அட, இதுக்கா இந்தப் பாடு என்றான் குப்புராஜின் தம்பி. ஊத்தாத கூரை எந்த ஊர்ல இருக்குது என்றாள் ஒருத்தி. குப்புராஜ் நிம்மதியாக மூச்சு விட்டு, அதுவுஞ் சரிதாங்க என்றார். மாதையனும் முகம் தெளிந்து கிட்டே வந்து, அக்கறையோடு வழி சொன்னான். மேலே கெமிக்கல் ஒரு பூச்சு அடித்து, அதற்கு மேல் ஓடு பதித்துவிட்டு, கீழே வெடிப்பில் ஒயிட் சிமெண்ட் அப்பி, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் போதுமாம்.

“அஞ்சு வருசத்துக்கு ஒன்னுந் தெரியாதுங்க்கா. சம்பந்தி வூட்டுக்காரங்க அண்ணாந்து பாத்தாக்கூடத் தெரியாது.”

தெரியாது. அந்தச் சொல்லை அவள் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறாள். ஓசூரில் ஒரு டீச்சரம்மா வீடு, பெங்களூரில் நாலு மாடிக் குடியிருப்பு, அங்கேயெல்லாம் உள் அறை இருக்கும், ஒவ்வொன்றிலும் யாராவது ஒருத்தி பிள்ளையைப் போட்டுத் தூங்கவைத்திருப்பாள். இருபத்து மூன்று வருஷமாக அந்தச் சொட்டுகளில் ஒன்றுகூடத் தன் நெற்றியில் விழுந்ததில்லை. இப்போது விழுந்ததும் அதற்கும் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார்கள். அவளுக்கு அவர்கள் மேல் வந்த வெறுப்பைவிட, ஒரு நிமிஷம் அந்த யோசனை தன் மனதுக்குள்ளும் நல்லதாகப் பட்டதே, அதன் மேல் வந்த வெறுப்புத்தான் பெரிது.

“ஒடச்சிரு,” என்றாள் மாதையனிடம். “உள் ரூம் மட்டும். கம்பிய வுட்டுட்டு மத்ததெல்லாம் ஒடச்சு எடுத்துரு. கூலி நான் குடுக்கறேன்.”

அப்போதுதான் எல்லார் முகத்திலும் உண்மையான திகில் வந்தது. அதுவரை சிரித்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். மகள் மாசமாக இருக்கும்போது யாராவது வீட்டை உடைப்பார்களா, சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாதே, வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு ஆகாதே என்று ஆளுக்கு ஆள் பதறினார்கள். சுவருக்குள் காலி பாட்டிலை வைத்துக் கட்டியபோது பதறாதவர்கள், அடுப்பு மூலையில் நின்று ஒண்ணுக்கு அடித்தபோது பதறாதவர்கள். நிர்மலா ஒருத்தரையும் விடாமல் முகம் முகமாகப் பார்த்தாள்.

“சொட்டுக்குக் கீழ புள்ளயப் போட்டா ஆகும், அத ஒடச்சா ஆகாதா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உடைப்பதற்கு நாலு நாள் ஆனது. கம்பி எலும்பு எலும்பாகத் தெரிய, அறை வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஊர் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டது. மறுபடி முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, ஆவணியில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை கூரை போட்டார்கள். செவ்வாயில் போடக் கூடாது என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை. இந்தத் தடவை பொட்டு இல்லை, தேங்காய் இல்லை, கறி இல்லை. மாதையனும் நாலு ஆளும்தான். கூப்பிடாமலே சின்னக்கா வந்தாள். போய்விடு என்று நிர்மலா எரிந்து விழுந்தாள். சின்னக்கா சும்மாட்டுத் துணியைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, ஏணியில் அதே மூன்றாவது படியில் போய் நின்றுகொண்டாள்.

நிர்மலா கோடு வரை தண்ணீர் ஊற்றினாள். வாளியைக் கவிழ்த்து வைத்தாள். கலவை கெட்டியாக, புட்டு மாவு மாதிரி பிடித்தால் நிற்கும்படி வந்தது. பிறகு தானே மண்வெட்டியை எடுத்துச் சட்டியில் அள்ளிப் போட்டவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். அதைத் தூக்கச் சொன்னாள். அடுத்த சட்டியும் அப்படித்தான்.

மேலேயிருந்து மாதையன் எட்டிப் பார்த்தான். “என்னாக்கா, அரச் சட்டியா வருது? பொழுது எறங்கிருமே.”

“எறங்கட்டும். என் வூடு.”

பொழுது இறங்கித்தான் முடிந்தது. ஐப்பசியில் சோபனாவை அழைத்துவந்தார்கள். கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் அடித்தபோது அவளும் பிறந்த பெண்பிள்ளையும் உள் அறையில்தான் படுத்திருந்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. பார்க்க வந்த சம்பந்தியம்மா அண்ணாந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். ஊர்க்காரர்கள் வந்து, கூரை என்றால் இதுதான் கூரை என்றார்கள். நிர்மலா அதற்கு முகம் கொடுக்கவில்லை. தன் கையாலேயே அளந்து ஊற்றிய கூரையை ஒரு நாளாவது நிம்மதியாக அண்ணாந்து பார்க்க அவளால் முடியவில்லை. பார்க்கும்போதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை சின்னக்கா கேட்ட கேள்விதான் வந்து நிற்கும்.

முதல் அரைச் சட்டி கைக்கு வந்ததும், சின்னக்கா அதைத் தலையில் வைத்துப் பார்த்தாள். கழுத்து வெட்டவில்லை. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை போல, சட்டியை மேலே கொடுக்காமல் இறக்கி உள்ளே பார்த்தாள். பிறகு கீழே பார்த்துக் கேட்டாள்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லடி? அன்னிக்கும் இது உன் வூடுதான.”

நிர்மலா அடுத்த சட்டியை எடுத்து, அதிலும் பாதி அள்ளிப் போட்டாள்.